வேட்டை ரைஃபிளில் ஸ்கோப்பைப் பொருத்துவது: மவுண்டைத் தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஸ்கோப் என்னும் தொலைநோக்கிக் குறியைத் தாங்கும் மவுண்டில் இரண்டு பகுதிகள் உண்டு: துப்பாக்கியின் உடலில் திருகப்படும் பேஸ், ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரிங். முன்பேஸுக்கும் பின்பேஸுக்கும் இடையே 13 செ.மீ. தூரம் உள்ள ஒரு ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். அதில் பின்பேஸ் ஒரு எழுதுதாளின் தடிமன் அளவுக்கு, அதாவது 0.1 மி.மீ. மட்டும் பக்கவாட்டில் நகர்ந்தால், 100 மீட்டரில் தோட்டா கிட்டத்தட்ட 7.7 செ.மீ. விலகும், 200 மீட்டரில் 15 செ.மீ. விலகும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி சுமார் 20 செ.மீ. குறுக்களவு கொண்ட ஒரு வட்டம்தான். 200 மீட்டரில் அதன் நடுவைக் குறிபார்த்துச் சுட்டவரின் தோட்டா அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். மான் காயத்தோடு புதருக்குள் ஓடும். ஸ்கோப்புக்கு எண்ணூறு டாலர் கொடுக்கத் தயங்காதவர், அதைத் தாங்கும் மவுண்டுக்கு எண்பது டாலரா என்று கடையில் பேரம் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் முறையான உரிமம் பெற்று, அனுமதிக்கப்பட்ட பருவத்தில் வேட்டைக்குச் செல்லும் தமிழர்களுக்காக எழுதப்படுகிறது. நான் ஒன்ராறியோவில் நவம்பர் மாதக் குளிரில் மான் வேட்டைக்குப் போகிறவன் என்பதால், இங்குள்ள துப்பாக்கிகளையும் பழக்கங்களையுமே உதாரணமாகக் காட்டுகிறேன். பெரும்பாலும் 1962இல் அறிமுகமான ரெமிங்டன் 700 வகை போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள், .30-06 தோட்டா, 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்குவரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ.) ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்துப் பேசுவேன். மற்ற வகைகள் வேறுபடும் இடங்களில் அதைச் சொல்வேன்.

எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பும் மகஸினைக் கழற்றி, அறையைத் திறந்து, கண்ணாலும் விரலாலும் காலியாக இருப்பதை உறுதிசெய்து, போல்ட்டை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். தோட்டாக்கள் அந்த மேசையில் மட்டுமல்ல, அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

முதல் படி: ரிசீவரைப் பாருங்கள், ஸ்கோப்பை அல்ல

பலரும் ஸ்கோப்பை வாங்கிவிட்டு, அதற்குப் பொருந்தும் ரிங்கைத் தேடி, அந்த ரிங்குக்கு ஏற்ற பேஸைக் கடைசியாகத் தேடுகிறார்கள். வீட்டைக் கட்டும்போது கூரையிலிருந்து தொடங்குவதைப் போன்றது இது. மவுண்ட் எதன்மேல் உட்காரப்போகிறதோ அதிலிருந்து, அதாவது ரிசீவரின் (குழலுக்குப் பின்னால் போல்ட்டைத் தாங்கும் உலோக உடலின்) மேற்பரப்பிலிருந்து தொடங்கினால் பாதித் தேர்வுகள் தாமாகவே கழிந்துவிடும்.

ரிசீவர்கள் மூன்று வகை. முதல் வகையில் மேற்பரப்பு உருண்டையாக இருக்கும். நான்கு திருகுத் துளைகள் மட்டும் இருக்கும். ரெமிங்டன் 700, வின்செஸ்டர் 70, சாவேஜ் 110 ஆகியவை இப்படித்தான். இவற்றுக்குத் தனியாக பேஸ் வாங்கித் திருகவேண்டும். இரண்டாம் வகையில் ரிசீவரிலேயே டவ்டெயில் எனப்படும் சரிவான விளிம்புகள் கடைந்து விடப்பட்டிருக்கும். டிக்கா டி3 ரைஃபிளில் இதன் அகலம் 17 மி.மீ., சிஇசட் 550இல் 19 மி.மீ., சிறு .22 ரைஃபிள்கள் பலவற்றில் 11 மி.மீ. சாக்கோவின் டவ்டெயில் ஒரே அகலமாக இல்லாமல் சரிந்து செல்லும். ஒவ்வொரு சூட்டின் பின்னுதைப்பும் மவுண்டைத் தளர்த்துவதற்குப் பதிலாக இன்னும் இறுக்கும்படி அமைத்த அந்த யோசனையை நான் இன்றும் ரசிக்கிறேன். மூன்றாம் வகையில் துப்பாக்கி நிறுவனமே தனக்கென ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கும். ரூகர் எம்77இல் ரிசீவரின் பக்கங்களில் அரைவட்டக் குழிகள் இருக்கும், ரிங் நேராக அதில் கவ்வும். ஜெர்மனியின் பிளேஸர் ஆர்8இல் மவுண்ட் ரிசீவரில் அல்லாமல் குழலில் வெட்டப்பட்ட குழிகளில் உட்காரும்.

ஒரே பெயர் கொண்ட ரைஃபிளிலும் நீளமான ஆக்‌ஷன், குட்டையான ஆக்‌ஷன் என்ற வேறுபாடு உண்டு (தோட்டாவை ஏற்றி வெளியேற்றும் இயந்திரப் பகுதியைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள்). .30-06 நீளமானதில் வரும்; .308 குட்டையானதில் வரும். இரு துண்டு பேஸுக்கு இது பெரிய பிரச்சினை அல்ல. ஒரே துண்டு பேஸ் வாங்குபவர் இதைக் கவனிக்காவிட்டால் பின்புறத் துளைகள் பொருந்தாது, கடைக்குத் திரும்பவும் நடக்க வேண்டியதுதான்.

பழைய ராணுவ மௌசர் 98ஐ வேட்டைக்கு மாற்றியவர்களுக்குத் தனித் தலைவலி உண்டு. 1898இல் வடிவமைத்தவர்கள் ஸ்கோப்பை நினைத்துப் பார்க்கவில்லை. நேராக நீட்டிய போல்ட் கைப்பிடி மேலே தூக்கும்போது ஸ்கோப்பில் இடிக்கும். மேல்நோக்கித் திரும்பும் பாதுகாப்புத் தாழும் இடிக்கும். கைப்பிடியை வளைத்து, தாழை மாற்றி, துளை போட்டு எனத் துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுக்காமல் இது நடக்காது.

இரண்டாம் படி: பேஸ்

எனக்கு ஒரே ஒரு கருத்துதான் உண்டு, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரிசீவருக்கும் ஸ்கோப்புக்கும் இடையே எத்தனை இணைப்புகள் இருக்கின்றனவோ அத்தனை இடங்களில் தளர்ச்சி வரலாம். வேட்டை ரைஃபிளுக்கு அந்த எண்ணிக்கையைக் குறைப்பதே முதல் குறிக்கோளாக இருக்க வேண்டும். மற்ற எல்லா வசதிகளையும் இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம்.

வீவர் வகை பேஸ் பழையது, மலிவானதும்கூட. 1930இல் தன் நிறுவனத்தைத் தொடங்கிய அமெரிக்கரான வில்லியம் வீவரின் பெயரால் வழங்கும் இதில், அலுமினியப் பட்டையின் குறுக்கே 4.57 மி.மீ. அகலமுள்ள பள்ளம் இருக்கும். ரிங்கின் அடியில் உள்ள குறுக்குத் திருகு அந்தப் பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். பள்ளங்களுக்கு இடையிலான தூரம் எல்லாப் பேஸ்களிலும் ஒன்றாக இருக்காது. அமெரிக்க ராணுவம் 1995 பிப்ரவரியில் மில்-ஸ்டாண்டர்ட் 1913 என்ற பெயரில் இதைச் சீர்ப்படுத்தியது. நியூ ஜெர்சியில் உள்ள பிக்காட்டினி ஆயுதசாலையின் பெயரால் எல்லோரும் அதைப் பிக்காட்டினி என்கிறார்கள். அதில் பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மி.மீ. ஆகவே வீவர் ரிங் பெரும்பாலும் பிக்காட்டினியில் உட்காரும். பிக்காட்டினி ரிங்கின் தடித்த குறுக்குத் திருகு வீவர் பள்ளத்தில் இறங்காது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி விற்பவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள்.

ரிசீவரின் முழு நீளத்துக்கும் படுக்கும் ஒரே துண்டு பிக்காட்டினி ரெயில் உறுதியானது. பள்ளங்கள் நிறைய இருப்பதால் ஸ்கோப்பை முன்னும் பின்னும் வைத்துப் பார்க்கத் தாராளமாக இடம் உண்டு. ஆனால் தோட்டா போடும் வாயின்மேல் அது ஒரு பாலம்போலக் கடக்கிறது. அடியில் கழற்றி மாட்டும் மகஸின் இல்லாத ரைஃபிளில், கையுறை போட்ட கையால் ஒவ்வொரு தோட்டாவாக உள்ளே தள்ளும்போது அந்தப் பாலம் எவ்வளவு குறுக்கே நிற்கிறது என்பது மைனஸ் பத்து டிகிரியில்தான் தெரியும். ரெயில்களில் 20 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு) சரிவு உள்ளவையும் கிடைக்கும். எண்ணூறு, ஆயிரம் மீட்டரில் குறிப்பலகையில் சுடுபவர்களுக்கு அது தேவை. 250 மீட்டருக்குள் மானைச் சுடுபவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

லியூப்போல்டு, ரெட்ஃபீல்டு பாணியிலான மவுண்டில் முன்ரிங்கின் அடியில் உள்ள டவ்டெயில் முனையைப் பேஸுக்குள் விட்டு 90 டிகிரி திருப்ப வேண்டும். பின்ரிங்கை இரு பக்கத்திலிருந்தும் இரண்டு பெரிய திருகுகள் பிடித்திருக்கும். பார்வைக்கு அழகானது. பக்கவாட்டுத் திருத்தத்தைப் பேஸிலேயே ஓரளவு செய்துகொள்ள முடியும் என்பதால், துளைகள் சற்றே கோணலாகப் போடப்பட்ட பழைய ரைஃபிள்களுக்கு இது வரம். ஆனால் பின்னால் உள்ள அந்த இரண்டு திருகுகளும் சமமாக இறுகாவிட்டால், கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 0.1 மி.மீ. அங்கேதான் ஒளிந்திருக்கும். முன்ரிங்கைத் திருப்ப ஸ்கோப்பையே நெம்புகோலாகப் பயன்படுத்துபவர்களை நான் கண்டிருக்கிறேன்; அப்படித் திருப்பினால் ஸ்கோப் குழாய் வளைந்துவிடும். அதே குறுக்களவுள்ள மர உருளையையோ அலுமினியத் தண்டையோ ரிங்கில் இறுக்கி அதைக்கொண்டு திருப்ப வேண்டும்.

நான்காவது வகை, ரிங்கின் கீழ்ப்பாதியும் பேஸும் ஒரே துண்டில் கடைந்தெடுக்கப்பட்டவை. டாலி நிறுவனத்தின் இலகு மவுண்ட் இதற்கு நல்ல உதாரணம். பேஸுக்கும் ரிங்குக்கும் இடையிலான இணைப்பே இல்லாமல் போகிறது, எடையும் குறைவு. நாள் முழுதும் தோளில் சுமந்து நடக்கும் வேட்டைக்காரருக்கு, 3-9×40 ஸ்கோப்போடு, நான் முதலில் சொல்லும் பரிந்துரை இதுதான். இதன் குறை, ரிங்குகளின் இடம் நிலையாக இருப்பது: ஸ்கோப்பின் குழாய் குட்டையாக இருந்தால் கண்ணுக்கு ஏற்ற தூரத்தில் அதை நிறுத்த இடம் போதாமல் போகலாம். அந்த ரைஃபிளை விற்றுவிட்டால் மவுண்ட் அடுத்த ரைஃபிளுக்கு உதவவும் செய்யாது.

எந்த வகையானாலும் பின்னுதைப்பு எந்தத் திசையில் வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். சுடும்போது ரைஃபிள் பின்னோக்கி வருகிறது. ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அதனால் ரைஃபிளை வைத்துப் பார்த்தால் ஸ்கோப் முன்னோக்கி வழுக்கப் பார்க்கிறது. 3.6 கிலோ எடையுள்ள .30-06 ரைஃபிளில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த ஸ்கோப் இருந்தால், தோட்டா குழலைவிட்டு வெளியேறும் அந்த மில்லி வினாடியில் அதன்மேல் விழும் சராசரி விசை தோராயமாக எழுபது எண்பது கிலோ எடைக்கு ஒப்பாகும். இதைத் தாங்க வேண்டியது சின்னச் சின்னத் திருகுகள் அல்ல, பள்ளத்தின் சுவரில் முட்டி நிற்கும் குறுக்குத் திருகு. ஆகவே பிக்காட்டினியிலோ வீவரிலோ ரிங்கை வைத்ததும் அதைக் குழல் வாயின் திசையில் முன்னே தள்ளி, குறுக்குத் திருகு பள்ளத்தின் முன்சுவரைத் தொட்டபிறகே இறுக்க வேண்டும். டவ்டெயில் ரிசீவரில் முட்டி நிற்கச் சுவர் இல்லை. உராய்வு மட்டுமே பிடித்திருக்கும். டிக்காவுக்கு ரிங் வாங்கும்போது, ரிசீவரின் துளையில் இறங்கும் சிறு முள் உள்ள வகையைத் தேடுவது இதனால்தான்.

மூன்றாம் படி: ரிங்கின் குறுக்களவும் உயரமும்

குறுக்களவில் யோசிக்க ஒன்றுமில்லை. ஸ்கோப் குழாய் 25.4 மி.மீ., அதாவது ஓரங்குலம் என்றால் ஓரங்குல ரிங், 30 மி.மீ. என்றால் 30 மி.மீ. ரிங், 34 மி.மீ. குழாய்கள் பெரும்பாலும் தொலைதூரச் சுடுதலுக்கானவை. பழைய ஐரோப்பிய ஸ்கோப் ஒன்று கைக்கு வந்தால் மட்டும் கேலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். அவற்றில் சில 26 மி.மீ. இருக்கும்.

உயரம்தான் தவறு நடக்கும் இடம். குறைவு, நடுத்தரம், உயரம் என்று நிறுவனங்கள் போடும் சொற்களை நம்பாதீர்கள். ஒரு நிறுவனம் பேஸின் மேற்பரப்பிலிருந்து குழாயின் நடுவரை அளக்கிறது; இன்னொன்று குழாயின் அடிவரை அளக்கிறது. ஒருவரின் நடுத்தரம் மற்றவரின் உயரமாக இருக்கும். எண்ணை வாங்குங்கள், அது எங்கிருந்து எங்கே என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது. என் ரைஃபிளில் ரிசீவரின் விட்டம் சுமார் 34 மி.மீ., ஆகவே அதன் மேற்பரப்பு குழல் அச்சிலிருந்து 17 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. பேஸின் தடிமன் 6 மி.மீ. என்றால், பேஸின் மேற்பரப்பு 23 மி.மீ. உயரத்தில். ஸ்கோப்பின் முன்கண்ணாடி வந்து நிற்கும் இடத்தில் குழல் மெலிந்து அதன் விட்டம் 20 மி.மீ. ஆகிவிடுகிறது, அதாவது குழலின் மேற்பரப்பு அச்சிலிருந்து 10 மி.மீ. தான். பேஸின் மேற்பரப்பு அதைவிட 13 மி.மீ. உயரம். 40 மி.மீ. ஸ்கோப்பின் முன்பகுதி வெளிவிட்டம் 47 மி.மீ. என்றால், பாதி 23.5, அதற்குக் கீழே 2.5 மி.மீ. இடைவெளி விட்டால் மொத்தம் 26. அதில் 13ஐப் பேஸே கொடுத்துவிட்டது. மீதி 13 மி.மீ. தான் ரிங் கொடுக்க வேண்டிய உயரம், அதுவும் குழாயின் நடுவரை. ஓரங்குலக் குழாயின் பாதியே 12.7 மி.மீ. என்பதால், கடையில் கிடைக்கும் மிகக் குட்டையான ரிங்கே போதும். இதே இடத்தில் 56 மி.மீ. ஸ்கோப் வைத்தால், அதன் வெளிவிட்டம் 62 மி.மீ. என்று கொண்டால், 20.5 மி.மீ. வேண்டும்.

முன்பக்கம் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். பின்பக்கத்தில் கண்ணாடிக் கூட்டுக்கும் போல்ட் கைப்பிடிக்கும் இடையே விரல் முட்டிகள் புகுமா என்று, கையுறையோடு, போல்ட்டைத் திரும்பப் போட்டு முழுதாகத் தூக்கிப் பாருங்கள். முன்கண்ணாடிக்கு மூடி போடுபவர்கள் மூடியின் தடிமனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உயரத்தை நிர்ணயிக்க வேண்டிய இறுதி நீதிபதி உங்கள் கன்னம். கண்களை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்து, துப்பாக்கியின் பின்கட்டையில் கன்னத்தை இயல்பாகப் பதித்து, பிறகு கண்களைத் திறங்கள். ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிந்தால் உயரம் சரி. தலையைத் தூக்கினால்தான் வட்டம் தெரிகிறது என்றால் ஸ்கோப் உயரமாக உட்கார்ந்திருக்கிறது. கன்னத்துக்குப் பதில் தாடை கட்டையில் படுகிறவர், அவசரமான தருணத்தில் கறுப்பு நிழலைத்தான் பார்ப்பார். ஆகவே 56 மி.மீ. ஸ்கோப்பின்மேல் ஆசைப்படுபவர்கள் கட்டையையும் உயர்த்தத் தயாராக இருக்க வேண்டும். ஜெர்மனியில் நிலவொளியில் மேடையில் அமர்ந்து காட்டுப்பன்றிக்காகக் காத்திருப்பவருக்கு அந்தப் பெரிய கண்ணாடி தேவைப்படலாம். சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பிருந்து மறைந்த அரை மணி பின்பு வரை மட்டுமே வேட்டை அனுமதிக்கப்படும் ஒன்ராறியோவில் நல்ல 40 மி.மீ. கண்ணாடியே போதுமானது.

கழற்றி மாட்டும் மவுண்ட் வேண்டுமா?

நெம்புகோலைத் திருப்பினால் கழன்று, மறுபடி மாட்டினால் அதே இடத்தில் நிற்கும் மவுண்டுகள் நன்றாகத் தயாரிக்கப்படுகின்றன; விலையும் அதற்கேற்றபடி இருக்கும். ஆப்பிரிக்காவில் .375 ரைஃபிளோடு காட்டெருமைக்குப் போகிறவருக்கு, காயம்பட்ட விலங்கைப் புதருக்குள் தேடும்போது ஸ்கோப்பைக் கழற்றி இரும்புக் குறியைப் பயன்படுத்த இது உயிர்காக்கும் வசதி. ஜெர்மனியில் பகலில் துரத்து வேட்டைக்குச் சிவப்புப்புள்ளிக் குறியையும், இரவு மேடைக்குப் பெரிய ஸ்கோப்பையும் ஒரே ரைஃபிளில் மாற்றி மாட்டுகிறார்கள். பிளேஸர் போன்ற ஏற்பாடுகள் அங்கே தோன்றியதற்கு அந்த வேட்டைமுறையே காரணம்.

உங்கள் ரைஃபிளில் இரும்புக் குறியே இல்லை என்றால், ஸ்கோப்பைக் கழற்றி என்ன செய்யப்போகிறீர்கள்? இப்போது விற்கப்படும் போல்ட்-ஆக்‌ஷன்களில் பெரும்பாலானவற்றின் குழல் மொட்டையாகத்தான் வருகிறது. அப்படியிருக்க, கழற்றும் வசதி என்பது கூடுதல் இணைப்பு, கூடுதல் எடை, கூடுதல் உயரம். விமானத்தில் எடுத்துச் செல்பவர்களுக்கு மட்டும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது.

லீவர் ரைஃபிள்களும் முன்னே பொருத்தும் ஸ்கோப்பும்

விசையின் அடியிலுள்ள நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றுபவை லீவர் ரைஃபிள்கள். ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894இன் பழைய ரைஃபிள்கள் காலித் தோட்டாக்கூட்டை நேராக மேலே வீசும். ஸ்கோப்பை நடுவில் வைத்தால் அது ஸ்கோப்பில் பட்டுத் திரும்ப உள்ளேயே விழும். 1980களில் கூட்டைப் பக்கவாட்டில் வீசும் மாதிரி வந்த பிறகுதான் இந்தச் சிக்கல் தீர்ந்தது. பழைய ரைஃபிளை வைத்திருப்பவர் பக்கவாட்டு மவுண்டையோ, ரிசீவருக்கு முன்னால் குழலின்மேல் வைக்கும் நீண்ட கண்-இடைவெளி (கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே விட வேண்டிய தூரம்) உள்ள ஸ்கோப்பையோ நாட வேண்டும். இந்த இரண்டாம் முறையை அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளரான ஜெஃப் கூப்பர் தன் 'ஸ்கவுட்' ரைஃபிள் கருத்தில் முன்வைத்தார். இரு கண்ணையும் திறந்து வைத்துச் சுட வசதியானது. ஆனால் மாலை வெயில் பின்னாலிருந்து வந்தால் பின்கண்ணாடியில் பளிச்சென்று விழும். மார்லின் 336 முதலிலிருந்தே பக்கவாட்டில் வீசுகிறது, அதன் தலை தட்டையாக இருக்கிறது. சாதாரண மவுண்டே போதும்.

நான்காம் படி: பொருத்தும் மேசை

ஸ்கோப் வாங்கிய கடையிலேயே பொருத்தித் தந்த என் முதல் ரைஃபிள், முதல் இருபது சூடுகள்வரை நன்றாக இருந்தது. அதன்பிறகு தோட்டாக்கள் பலகையில் இஷ்டத்துக்கு அலைந்தன. தோட்டாவை மாற்றினேன், என் மூச்சைக் குற்றம் சொன்னேன், ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பக்கூட நினைத்தேன். கடைசியில் கட்டைவிரல் நகத்தை முன்பேஸுக்கும் ரிசீவருக்கும் இடையிலான கோட்டில் வைத்து, மறுகையால் ஸ்கோப்பைச் சற்றே அழுத்தியபோது நகத்தில் 'டிக்' என்று ஓர் அதிர்வு தட்டியது. கழற்றிப் பார்த்தால் திருகுத் துளைகளில் தொழிற்சாலை எண்ணெய் அப்படியே இருந்தது. திருகின் மரைகளில், அது தளராமல் இருக்கப் போடும் நீலப் பசை எண்ணெய்யோடு குழைந்து கெட்டியாகாமல் கிடந்தது.

ஆகவே முதலில் துடைப்பு. பேஸ், திருகு, துளை மூன்றையும் அசிட்டோன் நனைத்த பஞ்சுக்குச்சியால் பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். ரிங்கின் உட்புறத்தையும் ஸ்கோப் குழாயையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும்.

பிறகு திருகுகளின் நீளம். பேஸை வைத்து ஒரே ஒரு திருகை மட்டும் இறுக்கி, பேஸ் அசைகிறதா என்று பாருங்கள். அதைக் கழற்றி அடுத்த துளையில் அடுத்த திருகு. திருகு இறுகிவிட்டதுபோல் தோன்றி, பேஸ் மட்டும் அசைந்தால், திருகு துளையின் அடியில் முட்டி நிற்கிறது என்று பொருள். முன்புறத் திருகு அதிக நீளமாக இருந்தால் உள்ளே குழலின் மரையையோ போல்ட்டையோ தொடும். போல்ட்டைப் போட்டு இழுத்துப் பார்க்கும்போது எங்காவது உரசினால் நிறுத்துங்கள். திருகை ஓரிரு மரை அளவுக்கு அரத்தால் குறைக்க வேண்டும்.

ஒரே துண்டு ரெயில் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. முன்புறத் திருகுகளை மட்டும் இறுக்கிவிட்டு, பின்புறம் ரெயில் ரிசீவரில் படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கீற்றாக ஒளி தெரிந்தால், பின்திருகை இறுக்கும்போது ரெயில் வில்லைப்போல வளையும். அந்த வளைவு ரிங் வழியாக ஸ்கோப் குழாய்க்குப் போகும். அந்த இடைவெளியை எப்பாக்சியால் நிரப்பிப் படியவைப்பதே சரியான தீர்வு. முதல்முறை செய்பவர் துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுப்பது நல்லது.

பேஸ் திருகுகளில் ஒரு துளி நீல நிற மரைப்பசை விடலாம். சிவப்புப் பசை வேண்டாம், பின்னால் சூடுபடுத்தாமல் கழற்ற முடியாது. ரிங்கின் மேல்மூடித் திருகுகளில் எந்தப் பசையும் போடாமல் விடுவது என் வழக்கம். பசை மரையில் வழுக்கலாக இருக்கும்போது, அதே முறுக்கு அளவில் திருகு நினைத்ததைவிட அதிகமாக இறுகிவிடும். முறுக்குவிசையை அளக்கும் சாவி இல்லாமல் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். பேஸின் 6-48 என்ற அளவுள்ள திருகுகளுக்கு 15 முதல் 20 அங்குல-பவுண்டு, ரிங்கின் மேல்மூடித் திருகுகளுக்கு 15 முதல் 18, அதாவது சுமார் 1.7 முதல் 2 நியூட்டன்-மீட்டர் என்பது பொதுவான அளவு. பெட்டியோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி. ராணுவப் பாணி ரிங்குகளின் பெரிய குறுக்கு நட்டுகளுக்கு 65 அங்குல-பவுண்டு கேட்பதுண்டு. அந்த எண்ணை மேல்மூடித் திருகுக்குப் பயன்படுத்தியவரின் ஸ்கோப் குழாயில் ரிங்கின் அச்சு நிரந்தரமாகப் பதிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஸ்கோப்பைக் கீழ்ப்பாதி ரிங்குகளில் வைத்து, மேல்மூடிகளை நகரும் அளவுக்கு மட்டும் தளர்வாகப் போடுங்கள். முதலில் கண்-இடைவெளி. பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகளில் இது 9 செ.மீ. அளவில் இருக்கும். உருப்பெருக்கத்தை மிக உயர்ந்த எண்ணில் வையுங்கள், அங்கேதான் இடைவெளி மிகவும் கறாராக இருக்கும். வேட்டைக்குப் போடும் அதே தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜூலை மாதத்தில் டி-ஷர்ட்டோடு பொருத்திய ஸ்கோப், நவம்பரில் ஜாக்கெட்டின் தடிமனால் கண்ணிலிருந்து ஒன்றரை இரண்டு செ.மீ. தள்ளிப்போய்விடும். அதே சமயம் தரையில் படுத்துச் சுடும்போதும், மேட்டை நோக்கிச் சுடும்போதும் தலை முன்னே போகும்; .300 மேக்னம் போன்ற பலத்த பின்னுதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிறைபோல் கிழிப்பது அப்போதுதான். நிற்கும் நிலை, உட்காரும் நிலை, படுக்கும் நிலை மூன்றிலும் பார்த்து, சந்தேகம் வந்தால் அரை செ.மீ. முன்னே தள்ளி வையுங்கள்.

அடுத்தது சமன். ரைஃபிளைப் பிடிமானத்தில் வைத்து, பேஸின் தட்டையான பரப்பில் சிறு ரசமட்டத்தை வைத்துத் துப்பாக்கியை முதலில் நேர்ப்படுத்துங்கள். இருபது மீட்டர் தள்ளி, கொத்தனார்கள் பயன்படுத்துவதுபோல நூலில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு அந்த நூலோடு பொருந்தும்வரை குழாயைச் சுழற்றுங்கள். ஸ்கோப்பின் மேற்குமிழின் மூடியில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. இதற்காகத் தூக்கம் கெடும் அளவுக்குப் போக வேண்டாம். மூன்று டிகிரி சாய்வு இருந்தாலும், தோட்டா 30 செ.மீ. கீழிறங்கும் தூரத்தில் பக்கவாட்டு விலகல் 1.6 செ.மீ. தான். தொடக்கத்தில் சொன்ன தாள்தடிமன் தளர்ச்சியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

மேல்மூடியின் திருகுகளை ஒன்றைவிட்டு ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாக, கால் திருப்பு கால் திருப்பாக இறுக்குங்கள். இருபக்கத்திலும் மூடிக்கும் கீழ்ப்பாதிக்கும் இடையிலான இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கமாகவே இறுக்கினால் குழாய் அந்தப் பக்கம் சுழன்று, நூலோடு பார்த்த பொருத்தம் போய்விடும். ரிங்குகளின் உட்புறத்தைத் தேய்த்துச் சமன் செய்யும் லாப்பிங் வேலை, மலிவான ரிங்குகளுக்குத்தான் தேவை. அதைச் செய்ய விரும்பாதவர்களுக்கு, பர்ரிஸ் நிறுவனத்தின் சிக்னேச்சர் ரிங்குகளில் உள்ளதுபோன்ற பிளாஸ்டிக் உள்வளையம் தானே திரும்பிச் சமன்படும் என்பது நல்ல மாற்று.

ஐந்தாம் படி: ஜீரோ

ஸ்கோப்பின் குறியும் தோட்டா படும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்வதே ஜீரோ. போல்ட்டைக் கழற்றிவிட்டு, மணல்மூட்டையில் ரைஃபிளை அசையாமல் வைத்து, குழல் வழியே 25 கெஜத்தில் உள்ள பலகையின் புள்ளியைப் பாருங்கள். துப்பாக்கியை அசைக்காமல் ஸ்கோப்பின் குறியையும் அந்தப் புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். முதல் சூடு இதே 25 கெஜத்தில். அந்தத் தூரத்தில் கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பின் குமிழை ஒரு படி, அதாவது ஒரு கிளிக் திருப்பினால் 1.7 மி.மீ. தான் நகரும் என்பதால், 3 செ.மீ. விலகலுக்கு ஏறத்தாழ 18 கிளிக் வேண்டும். பலர் 100 கெஜக் கணக்கில் 4, 5 கிளிக் மட்டும் திருப்பிவிட்டு, ஸ்கோப் பழுது என்கிறார்கள். பிறகு 100 கெஜத்துக்குப் போய், குழலை ஆறவிட்டு ஆறவிட்டு மும்மூன்று சூடுகளாகச் சுட்டு முடியுங்கள்.

பக்கவாட்டுத் திருத்தம் கிட்டத்தட்ட முழுவதும் தீர்ந்த பிறகும் தோட்டா நடுவுக்கு வரவில்லை என்றால், மேற்கொண்டு குமிழைத் திருப்பாதீர்கள். பேஸ் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது ரிசீவரின் துளை கோணலாக இருக்கிறது. ஸ்கோப்பின் உள் இயந்திரம் எல்லையில் போய் நிற்கும்போது அதன் நிலைத்தன்மை குறைந்துவிடும். மேசைக்குத் திரும்பி பேஸைச் சரிபார்க்க வேண்டும்.

ஜீரோ முடிந்ததும் ஒவ்வொரு ரிங்கின் முன்விளிம்பிலும், ஸ்கோப் குழாயின்மேல், வெள்ளை மார்க்கரால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். இருபது சூட்டுக்குப் பிறகு பாருங்கள். கோட்டுக்கும் ரிங்குக்கும் இடையே கறுப்பாக ஒரு மயிரிழை தெரிந்தால் ஸ்கோப் முன்னே வழுக்குகிறது. ரிங்கைக் கழற்றி, உட்புறத்தைத் துடைத்து, மறுபடி இறுக்க வேண்டும். பேஸ் திருகுகளை ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும், துப்பாக்கி வண்டியிலிருந்தோ தோளிலிருந்தோ விழுந்த பிறகும், சாவி வைத்துச் சோதியுங்கள். இறுக்கிய எண்களை நான் ஒரு துண்டுத் தாளில் எழுதி ரைஃபிள் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்: முன்பேஸ் 20, பின்பேஸ் 20, ரிங் 17, ஜாக்கெட்டோடு பார்த்தது.